குட்வேய்க் பார்த்ததும் சொன்னதும்

கிராக்கோய் தீவு, வட நார்வே
12 அக்டோபர் 2003

அஸ்லாக்,

உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பாய். கிழிக்காமல் இந்த வரிவரை வந்திருந்தால் மேலே படி. உன் அண்ணன் தோர்ஃபின்னைக் கொன்றது நீதான் என்று நீதிமன்றத்தில் கை நீட்டிக் காட்டியவள் எழுதுகிறேன். நாலரை வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. என் புருஷனை, பெரிய மீனைப் படகுக்கு இழுக்கிற கொக்கித் தடியால் அடித்து மண்டையைப் பிளந்தவனுக்கு நான் ஏன் எழுத வேண்டும்?

போன வாரம் ஒரு போலீஸ்காரம்மா வந்தார். பெயர் சோல்பியர்க். உன் புது வக்கீல் போட்ட மனுவால் வழக்கை மறுபடி பார்க்கிறார்களாம். இந்தப் பக்கத்து ஆள் வேண்டாம் என்று தெற்கிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். நான் கதவிலேயே நிறுத்தி, "எல்லாம் கோர்ட்டுல சொல்லியாச்சு. எழுதி வச்சிருக்காங்க, படிச்சுக்கோங்க" என்றேன்.

"படிச்சேன். டேப்பையும் கேட்டேன். அதுல உங்களைவிட ஹால்ஸ்டேன்தான் அதிகமா பேசியிருக்காரு. உங்க பேச்சைக் கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

அன்று என்னை விசாரித்த அந்த ஹால்ஸ்டேன் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார், அழுதபோது கைக்குட்டை கொடுத்தார். ஆனால் சோல்பியர்க் டேப்பைப் போட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

"கொக்கித் தடிய வலது கையிலதானே பிடிச்சிருந்தான்?"

"சரியா..."

"அஸ்லாக் வலது கைக்காரன்தானே?"

"ஆமா."

"அப்ப வலது கைதான். ஓங்கி அடிச்சான். அப்புறம்?"

இப்படியே ஒரு மணி நேரம். அறுபத்து மூன்று கேள்வி, அஸ்லாக். நான் சொன்னதில் பாதிக்கு மேல் "ஆமா". அறைக்குள் போனபோது மேஜைமேல் ஒரே ஒரு படம் இருந்தது. உன் படம்.

அடுத்த மாதம் சோல்பியர்க் என்னிடம் வேறு விதமாகக் கேட்கப் போகிறார். ஒத்துக்கொண்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த மதியம் என்ன நடந்தது என்று எனக்கு நீ எழுதாதே. ஒரு சொல்கூட வேண்டாம். நீ எழுதினால் நான் அதைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பிறகு எது என் கண் பார்த்தது, எது உன் கடிதம் காட்டியது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்போது நான் உனக்கும் உதவ மாட்டேன், தோர்ஃபின்னுக்கும் உதவ மாட்டேன்.

நீ செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயமாகச் செய்தாய் என்று இனி சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

குட்வேய்க்


சிறை
27 அக்டோபர் 2003

திருமதி குட்வேய்க் அவர்களுக்கு,

"அண்ணி" என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டாம்.

நடந்ததை எழுதாதே என்கிறீர்கள். நாலரை வருஷமாக நடந்ததைக் கேட்க ஒரு நாய் இல்லை. இப்போது முதல்முறையாக ஒருவர் கடிதம் போடுகிறார், அதிலும் வாயை மூடு என்கிறார். அடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். நாலு பக்கம். வக்கீல் வந்து பார்த்துவிட்டு, "அனுப்பு. அனுப்பிட்டு மிச்ச வருஷத்தையும் இங்கேயே உக்காந்து எண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். கிழித்தேன்.

ஆகவே நடக்காதது எப்படி என் தலைக்குள் வந்தது என்று எழுதுகிறேன். என்னைப் பதினோரு நாள் தனியறையில் வைத்தார்கள். அதே ஹால்ஸ்டேன். எனக்குக் கைக்குட்டை கிடைக்கவில்லை. "குடிச்சிருந்த. கோவத்துல இருந்த. உன் சட்டையெல்லாம் உங்க அண்ணன் ரத்தம். ஞாபகம் இல்லாம கொன்னவன் எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன் தெரியுமா?" என்று காலையும் மாலையும் ஒரே பாட்டு. நான் அண்ணன் மூக்கில் குத்தினேன், அந்த ரத்தம்தான் என்று முதல் நாளே சொன்னேன். பதினோராம் நாள் "இருக்கலாம்" என்றேன். நாளுக்கு ஒன்றாகப் பதினோரு வருஷம் கொடுத்தார்கள். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம் நானே அதை நம்பினேன். தடியை ஓங்குவதுபோல் எனக்கே தெரிந்தது. என் கையில் அதன் கனம்கூடத் தெரிந்தது.

இங்கே எனக்குக் காயீன் என்று பெயர். பைபிளில் அண்ணன்தான் தம்பியைக் கொன்றான், நான் தம்பி என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் திருத்தினேன். திருத்தியதற்கு முன்பல் இரண்டு போயின. நானும் சும்மா விடவில்லை. இரும்புத் தட்டின் விளிம்பால் அவன் முகத்தில் மூன்று முறை இறக்கினேன். கன்னத்து எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. இப்போது இப்படித்தான்.

உங்கள் புது முறை என்னவோ, நன்றாக நடக்கட்டும்.

அஸ்லாக் ஹெஸ்வோல்


கிராக்கோய்
20 நவம்பர் 2003

அஸ்லாக்,

உன் பல்லைப் பற்றிப் படித்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை நகர்த்திவிட்டேன்.

நேற்று முடிந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்லக் கூடாது. எப்படிக் கேட்டார்கள் என்று சொல்லலாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன் என்றதால் சர்ச் கூடத்தில் உட்கார்ந்தோம். சோல்பியர்க் தன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "நான் அங்க இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் இருந்தீங்க. அதனால இன்னைக்கு நீங்க பேசறீங்க, நான் கேக்கறேன். இது முக்கியமில்லன்னு எதையும் விட்டுடாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அதுவும் எனக்குப் பதில்தான். ஊகம் மட்டும் வேண்டாம்" என்றார். இது மந்திரம் இல்லை, கண் பார்க்காததை இது காட்டாது என்றும் சொல்லிவிட்டார்.

கண்ணை மூடச் சொன்னார். அடிதடியைப் பற்றிக் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது, "அன்னைக்குக் காலுல என்ன போட்டிருந்தீங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது. இடது பூட்ஸில் ஓட்டை, காலுறை நனைந்திருந்தது என்றேன். அதோடு அந்த ஈரம் பாதத்தில் ஏறிவிட்டது. பிறகு மீன் கம்பெனிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்தது, உப்பு மூட்டை வாசனை, மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிய வானம், கையில் இருந்த மீன் செதிலின் வழவழப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நான் நிறுத்தினால் அவரும் சும்மா இருந்தார். ஒரு தடவை நாலைந்து நிமிஷம் இருக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. ஹால்ஸ்டேன் என்றால் அந்த இடைவெளியில் பத்துக் கேள்வி போட்டிருப்பார். அந்த மௌனத்தில்தான் எனக்கு ஒன்று வந்தது.

கோர்ட்டில் நான் சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அஸ்லாக். அதற்கு மேல் கேட்காதே.

இன்று காலை ஸ்டெய்னார் அண்ணன் வந்திருந்தான். கூடப்பிறந்தவனாயிற்றே, அவனிடம் மறைப்பானேன் என்று சொல்லிவிட்டேன். "கோர்ட்டுல நான் சொன்னது சரியில்லண்ணா" என்றேன். காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "உனக்குக் குழப்பம். அஸ்லாக்தான். நானும்தானே பார்த்தேன்" என்றான்.

அவன் போன பிறகு பாத்திரம் கழுவும்போது ஒன்று உறைத்தது. அந்த மதியம் போலீஸ் வருவதற்கு முன்பே, இதே சமையலறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவன் இதே வார்த்தைகளைச் சொன்னான். "நீ பார்த்த இல்ல? அஸ்லாக்தான். நானும் பார்த்தேன்." நானாக உன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. ஒருவர் நானும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், தனியாகப் பார்த்தவளுடைய பயம் போய்விடும். அப்படியே பிடித்துக்கொண்டேன்.

குட்வேய்க்


சிறை
1 டிசம்பர் 2003

அண்ணி,

அவனோடு தனியாக இருக்காதீர்கள். ஏன் என்று எழுதக் கூடாது. எழுதினதை நானே மையால் அடித்துவிட்டேன், கீழே கறுப்பாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம். கதவைப் பூட்டுங்கள். தீவில் யாரும் பூட்டுவதில்லை என்று தெரியும். பூட்டுங்கள்.

அஸ்லாக்


மருத்துவமனை
19 டிசம்பர் 2003

அஸ்லாக்,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும்.

உன் கடிதம் வருவதற்கு ஒருநாள் முன்னால் வந்துவிட்டான். காலை பதினோரு மணி. நான் வேலைக்குக் கொண்டுபோகிற மீன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தான். "அஞ்சு வருஷம் கழிச்சு உனக்கு என்னடி புதுசா ஞாபகம்? அந்தப் பொம்பள உன் மண்டைக்குள்ள என்னத்தப் போட்டா?" என்றான். "அவங்க ஒண்ணும் போடலண்ணா. போட்டதெல்லாம் நீங்க" என்றேன். வாய் தவறி வந்தது இல்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

முடியைப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான். வெளியே ஓடலாம் என்று கதவைப் பிடித்தேன். என் வலது கையைக் கதவுச் சட்டத்தில் வைத்து அமுக்கிக் கதவை அறைந்தான். ஒரு தடவை இல்லை. "என்ன பார்த்த? சொல்லு. என்ன பார்த்த?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை. மூன்று விரல் உடைந்தது. நாலாவது அறைக்கு முன் மேஜைமேல் இருந்த கத்தி இடது கைக்கு எட்டியது. அவன் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்துவிட்டேன். காட் மீனின் வயிற்றைக் கிழிப்பதுபோலவே இருந்தது, கை மாறினாலும் பழகிய இழுப்பு. ரத்தம் சுவரில் அடித்தது. அவன் தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீ என் தங்கச்சிடி" என்றான். ஏதோ நான்தான் மறந்துவிட்டதுபோல.

பிறகு என்னைக் கீழே தள்ளிக் கழுத்தில் மிதித்தான். பக்கத்து வீட்டு ஓட்ரூன் மண்வெட்டியோடு வந்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

அடித்ததற்காக அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கொலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லையாம்.

குட்வேய்க்


சிறை
8 ஜனவரி 2004

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். என் விரலும் இரண்டு போயிற்று. நாம் இருவரும் சேர்ந்தால் ஒரு முழுக் கை தேறாது.

வக்கீல் வந்தார். ஒரு வாக்கியம் போதுமாம். "தடியோடு நின்றது ஸ்டெய்னார்" என்று நீங்கள் சொன்னால் இந்த மாதமே வழக்கு உடைந்துவிடும். நீங்கள் சொல்ல மாட்டேன் என்கிறீர்களாம். முகம் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களாம்.

உங்கள் விரலை உடைத்தவனுக்கா பரிந்து நிற்கிறீர்கள்? கழுத்தில் மிதித்தவனுக்கா? அவன்தான் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்போது தீவில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். முகம் பார்க்காத உடம்பில் என் முகத்தை ஒட்டினீர்களே, அன்று வாய் கூசவில்லையே! இன்று அண்ணன் என்றதும் திடீரென்று கண் சுத்தமாகிவிட்டதா? அவன் கூடப்பிறந்த ரத்தம், நான் மட்டும் புருஷன் வீட்டுக்காரன்.

ஒரு வாக்கியம். சொல்லுங்கள்.

அஸ்லாக்


கிராக்கோய்
2 பிப்ரவரி 2004

அஸ்லாக்,

சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். நீ திட்டியது எல்லாம் நியாயம். ஆனாலும் சொல்ல மாட்டேன். இப்போது கண்ணை மூடினால் ஸ்டெய்னார் முகம்தான் வருகிறது. தடியோடு நிற்கிறான், திரும்பிப் பார்க்கிறான், எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அவன் கண் நிறம்வரை தெரிகிறது. அதனால்தான் எனக்குப் பயம். அந்த முகம் அன்றைய படகுத் துறையிலிருந்து வரவில்லை, என் சமையலறைக் கதவிலிருந்து வருகிறது. சோல்பியர்க்கிடம் இதைச் சொன்னபோது, "இதை நீங்களே பிரிச்சுப் பார்த்தீங்களே, அது பெரிய விஷயம். அந்த முகத்தைப் பத்தி நான் கேக்கவே மாட்டேன்" என்றார்.

அந்த உடம்பில் உன் முகத்தை ஒட்டினது என் பாவம். அதே பசையை எடுத்து இன்னொருவன் முகத்தை ஒட்டினால் அந்தப் பாவம் இரண்டாகும், தீராது. அவன் குற்றவாளியாகவே இருந்தாலும் சரி.

இரண்டாவது முறை உட்கார்ந்தோம். இந்தத் தடவை கடைசியிலிருந்து முன்னால் வரச் சொன்னார். "அதுக்கு முன்னாடி?" என்பார். சொல்வேன். "அதுக்கும் முன்னாடி?" நேராகச் சொல்லும்போது நான் ஐந்து வருஷமாக மனப்பாடம் பண்ணின கதையே ஓடுகிறது. தலைகீழாகப் போனால் கதை கைவிட்டுவிடுகிறது, பார்த்தது மட்டும்தான் மிஞ்சுகிறது. அப்படிப் போகும்போது ஒரு சத்தம் கிடைத்தது. கோர்ட்டில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை வைத்து அவர் எங்கோ போய்த் தேடப் போகிறார். கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் நீ என்னை வாழ்நாள் முழுக்கச் சபி, ஏற்றுக்கொள்கிறேன்.

இனி வழக்கு முடியும்வரை நாம் எழுதிக்கொள்ளக் கூடாது என்கிறார். அதுவும் சரிதான்.

குட்வேய்க்


டிரோம்சோ
6 ஜூன் 2004

அண்ணி,

வெளியே வந்து பதினேழு நாள் ஆகிறது. ஒரு படகுப் பட்டறைக்கு மேலே அறை. பட்டறைக்காரர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சுத்தியலைக் கையில் கொடுத்தார். கதவை உள்பக்கமிருந்து நானே திறக்கலாம் என்பது இன்னும் பழகவில்லை. யாராவது திறப்பார்கள் என்று நின்றுவிடுகிறேன்.

அந்தத் தடியைப் பற்றி வக்கீல் சொன்னார். ஐந்து வருஷமாக எல்லோரும் தண்ணீரில் தேடியது, படகேற்றும் சரிவின் கீழே கல் இடுக்கில் கிடந்திருக்கிறது. மரம் உளுத்துவிட்டது. பித்தளை வளையம் உளுக்கவில்லை, அதில் ஸ்டெய்னாரின் பெயரெழுத்து. அதைக் காட்டியதும் அவன் சோல்பியர்க்கிடம் நாற்பது நிமிஷம் பேசினானாம். அவர் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

காரணமும் தெரிந்தது. நான் அன்று அண்ணனை அடித்தது யூமாருக்காக. அண்ணனும் ஸ்டெய்னாரும் போன படகிலிருந்து என் சிநேகிதன் யூமார் விழுந்து செத்தான். எப்படி விழுந்தான் என்று அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. அந்தக் கோபத்தில் குத்திவிட்டு நடந்துவிட்டேன். நான் போன பிறகு அண்ணன் எழுந்து, ஸ்டெய்னாரிடம், "போதும்டா. நீ குடிச்சிட்டுப் படகை ஓட்டினதை நான் சொல்லத்தான் போறேன்" என்றிருக்கிறான். அதற்காகத்தான் செத்தான். என் குத்துதான் அவனைப் பேச வைத்தது. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்கள்மேல் நான் கொட்டிய வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் பொய்யாக ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அவன் வக்கீல் அதைப் பிடித்து உடைத்திருப்பார் என்கிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. நீங்கள் சொல்லவில்லை, அதுதான்.

இப்போது எல்லாம் முடிந்தது. இனி யார் வார்த்தையும் யாரையும் கெடுக்காது. ஆகவே கேட்கிறேன். என் அண்ணன் சாகும்போது கூட இருந்தது நீங்கள் ஒருவர்தான். எப்படிச் செத்தான்? பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

அஸ்லாக்


கிராக்கோய்
15 ஜூன் 2004

அஸ்லாக்,

வலது கையால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

கம்பெனிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்தபோது நீங்கள் இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தீர்கள். நீ குத்தினாய், அவர் மல்லாந்து விழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம். நீ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐஸ் கொட்டகையைத் தாண்டிச் சாலைப் பக்கம் நடந்தாய். நீல ஸ்வெட்டர். பனி அடர்த்தியாக விழ ஆரம்பித்தது.

நான் அவரிடம் போகப் படியில் இறங்கினேன், வழுக்கி விழுந்தேன். முழங்கால் படிக்கல்லில் அடித்தது. வலியில் தலையைக் குனிந்தபடி கிடந்தேன். கையுறைக்குள் பனி போய்விட்டது, அதை உதறினேன். பூட்ஸ் நாடாவைக்கூட இழுத்துவிட்டேன். அங்கே யாராவது பேசினார்களா என்பது காதில் விழவில்லை. இந்த இடைவெளிதான் நான் கோர்ட்டில் தொலைத்தது. இதற்கு முன்னால் உன் குத்து, இதற்குப் பின்னால் தடியின் அடி. நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். தைக்க ஊசி எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள்.

நிமிர்ந்தபோது ஆரஞ்சு மழைக்கோட்டு. முதுகு மட்டும். தீவில் எல்லோரும் போடுகிற கோட்டு. தடி இறங்கியது. கொக்கி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பாய்ந்து மாட்டிக்கொண்டது, அதைப் பிடுங்க அவன் காலை அவர் முதுகில் வைத்து இழுத்தான். தோர்ஃபின் முழங்காலில் நின்றார். கழுத்திலிருந்து ரத்தம் பனியில் விழுந்த இடமெல்லாம் ஆவி பறந்தது. அப்போது கூப்பிட்டார். "அஸ்லாக்! அஸ்லாக்!" இரண்டு தடவை.

கோர்ட்டில் இதைச் சொன்னேன். அடித்தவன் பெயரைச் சொல்லி அலறினார் என்று அரசு வக்கீல் எடுத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். சோல்பியர்க் தலைகீழாகக் கொண்டுபோனபோதுதான் அவர் எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார் என்று தெரிந்தது. மழைக்கோட்டுக்காரன் அவர் பின்னால் நின்றான். அவர் பார்த்தது சாலைப் பக்கம். நீ போன பக்கம். உதவிக்கு உன்னைக் கூப்பிட்டார், அஸ்லாக்.

இரண்டாவது அடி தலையில். அதன் சத்தத்தை எழுத மாட்டேன். பிறகு அவன் தடியை வீசினான். தண்ணீரில் விழுந்த சத்தம் இல்லை, கல்லில் இரும்பு மோதிக் கிணுகிணுத்தது. பனிக்குள் நடந்து போய்விட்டான்.

நான் தவழ்ந்து போனேன். தாடை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஒரு கண் என்னைப் பார்த்தது. என் ஏப்ரன் நுனியைப் பிடித்தார், ஏதோ சொல்ல வந்தார், வாயில் ரத்தம்தான் வந்தது. பிடி தளர்ந்ததும் தெரிந்துகொண்டேன். சற்று நேரத்தில் ஸ்டெய்னார் ஓடி வந்தான். கொட்டுகிற பனியில், வெறும் கம்பளிச் சட்டையோடு, மழைக்கோட்டு இல்லாமல். "யாரு? அஸ்லாக்தானே?" என்று கேட்டான். ஹால்ஸ்டேனுக்கு முன்பே என்னைக் கேட்டது அவன்தான்.

மெழுகவில்லை.

குட்வேய்க்


டிரோம்சோ
24 ஜூன் 2004

அண்ணி,

எனக்குக் கேட்டது.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஹால்ஸ்டேனிடம் இல்லை, வக்கீலிடம் இல்லை, பாதிரியாரிடம் இல்லை. ஐஸ் கொட்டகையைத் தாண்டியிருந்தேன். அண்ணன் என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. இரண்டு தடவை. திரும்ப வந்து சண்டை போடக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். "போடா நாயே" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பதினோரு நாளில் "இருக்கலாம்" என்று சொன்னேனே, அடித்ததற்காகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஏதோ செய்துவிட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை.

திரும்பியிருந்தால்? சொல்லுங்கள் அண்ணி. நீங்கள் பார்த்தவர். நான் ஓடி வந்திருந்தால் நேரம் இருந்திருக்குமா?

அஸ்லாக்


கிராக்கோய்
29 ஜூன் 2004

அஸ்லாக்,

"நீ திரும்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினேன், அடித்துவிட்டேன். அந்தக் கூப்பாட்டுக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சாக இருக்கலாம், பத்து மூச்சாக இருக்கலாம். உன் ஆறுதலுக்காக ஒன்றைச் சொன்னால் நீ அதைப் பிடித்துக்கொள்வாய், கொஞ்ச நாளில் அது நடந்ததாகவே ஆகிவிடும். ஒரு தடவை உன் தலையில் அப்படிக் கட்டினேன். மறுபடி மாட்டேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. நான் இருபதடி தூரத்தில் இருந்தேன். உனக்காவது சண்டைக்குக் கூப்பிடுகிறார் என்ற நினைப்பு. நான் தடியைக் கண்ணால் பார்த்தேன். கத்தவில்லை, நகரவில்லை. முழங்கால் வலியால் இல்லை. பயத்தால்.

அவர் கல்லறைக்கு நீ இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைப் படகு மூன்று மணிக்கு. நான் துறையில் நிற்பேன். படகிலிருந்து இறங்கினால் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும், வேறு வழி இல்லை. நான் தினமும் தனியாகத் தாண்டுகிறேன். ஒருநாள் நீயும் கூட நட.

உன் அண்ணி